பதில் அவள் மொழியில் வரட்டும்

தேசிய அழகிப் போட்டிகளை நடத்துபவர்களுக்கும், அங்கே நடுவர்களாக உட்காருபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் ஒரு மேடை மொழிபெயர்ப்பாளர். ஒருவர் பேசி நிறுத்தியதும் அதையே இன்னொரு மொழியில் எடுத்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. கருத்தரங்கு, நீதிமன்றம், மருத்துவர்கள் கூட்டம் என்று பல இடங்களுக்குப் போயிருக்கிறேன். ஏழு வருடங்களுக்கு முன் ஒரு தேசிய அழகிப் போட்டிக்கும் கூப்பிட்டார்கள். அங்கே பார்த்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த மடல்.

என்னை அழைத்தது போட்டியாளர்களுக்காக இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு சிறப்பு விருந்தினருக்காக. பத்திரிகையாளர் சந்திப்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான். இறுதிச் சுற்று நடந்த அன்று மாலையில் எனக்கு வேலை எதுவும் இல்லை. ஒப்பனை அறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பெண் சுவரைப் பார்த்து நின்றபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு நோட்டு. அறுபது கேள்விகள், அறுபது பதில்கள். பதில்கள் எல்லாம் ஆங்கிலம். ஆனால் எழுதியிருந்தது அவளுடைய தாய்மொழி எழுத்தில். எங்கே மூச்சு விடணும், எங்கே சிரிக்கணும் என்று பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள் வேறு.

மேடையில் அவளுக்கு வந்த கேள்வி இது: யாருடைய பிடியிலிருந்து வெளியே வந்ததால் நீங்கள் நீங்களாக ஆனீர்கள்? ஆங்கிலத்தில் கேட்டார்கள். கேள்வியில் அவளுக்குத் தெரிந்த ஒரு சொல் இருந்தது. நோட்டில் பதினான்காவது கேள்வியிலும் அதே சொல் உண்டு. உங்களை அதிகம் பாதித்தவர் யார் என்ற கேள்வி அது. அந்தப் பதிலை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தாள். என்னை நானாக ஆக்கியவர் என் அம்மா, அவருடைய ஒவ்வொரு சொல்லும் என்னுடன் இருக்கிறது என்று. பென்சில் கோடு போட்ட இடத்தில் சிரிக்கவும் செய்தாள். அரங்கம் ஒரு நொடி அமைதியாக இருந்தது. அப்புறம் சிரித்தது. நடுவர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டதை நான் உள்ளே இருந்த திரையில் பார்த்தேன்.

திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். எங்கே தவறு நடந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அவள் மொழி எனக்குத் தெரியும். கேள்வியை அந்த மொழியில் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தாள். யோசிக்கவே இல்லை, கடகடவென்று சொல்ல ஆரம்பித்தாள். அவளுடைய பெரியப்பா பெண் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். வீடு விழிப்பதற்கு முன்னால் எழுந்து போய், யாருக்கும் தெரியாமல் இரண்டு வருடத்தில் நீச்சல் கற்றுக்கொண்டாளாம். இப்போது விடுமுறை நாட்களில் அக்கம்பக்கத்துச் சிறுமிகள் பதினொரு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். பெரியப்பாவின் பேத்தியும் அதில் ஒருத்தி. முப்பது விநாடிகூட ஆகியிருக்காது. கேட்டது நான் ஒருத்தி மட்டும்.

அவள் மடித்து வைத்திருந்த விதிமுறைத் தாளை வாங்கிப் படித்தேன். கருத்தைத் தெளிவாகச் சொல்லும் திறனுக்கு மதிப்பெண் உண்டு என்று இருந்தது. எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம் என்றும் இல்லை, கேட்கக் கூடாது என்றும் இல்லை. நீ ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்டால் ஆங்கிலம் வராதவள் என்று முதல் நாளே பெயர் விழுந்துவிடும் என்றாள். மொழிபெயர்ப்பாளராகிய நான் மேடையிலிருந்து இருபதடி தூரத்தில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

இப்படி எழுதாமல் வைத்திருக்கும் விதியைத்தான் நான் உங்களிடம் கேள்வி கேட்கிறேன். ஆங்கிலம் வேண்டும் என்று நீங்கள் எங்கும் அச்சடிப்பதில்லை. ஆனால் கேள்வி ஆங்கிலத்தில் வருகிறது, தொகுப்பாளர் ஆங்கிலத்தில் பேசுகிறார், போன வருடம் வென்றவரும் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னார். பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கு இதற்கு மேல் என்ன அறிவிப்பு வேண்டும்? வீட்டிலேயே ஆங்கிலம் புழங்கும் பெண்ணுக்கு அது கேள்வி-பதில் சுற்று. மற்ற பெண்ணுக்கு அது மொழித் தேர்வு. இருவரையும் ஒரே தாளில் திருத்துகிறீர்கள்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: எங்கள் அழகி நாளைக்கு உலக மேடைக்குப் போக வேண்டியவர், அங்கே ஆங்கிலம் இல்லாமல் எப்படி ஜெயிப்பார்? உலக மேடையில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். 2010ல் லாஸ் வேகாஸில் நடந்த பிரபஞ்ச அழகிப் போட்டியில் மெக்சிகோவின் ஹிமேனா நவரெத்தே ஸ்பானிஷில் பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். மகுடம் அவருக்குத்தான். மறு வருடம் அங்கோலாவின் லெய்லா லோபெஸ் போர்ச்சுகீசிய மொழியில் பேசி வென்றார். 2023ல் நிகராகுவாவின் ஷெய்னிஸ் பலாசியோஸ் ஸ்பானிஷிலேயே பேசினார். ஒரு நாள் இன்னொரு பெண்ணாக வாழ முடிந்தால் யாராக வாழ்வீர்கள் என்ற கேள்விக்கு, பதினெட்டாம் நூற்றாண்டின் பெண்ணுரிமைச் சிந்தனையாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் பெயரைச் சொன்னார். வெனிசுவேலாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டின் தேசியப் போட்டி நடப்பது ஸ்பானிஷில். பிரபஞ்ச அழகிப் பட்டம் இதுவரை ஏழு முறை அங்கே போயிருக்கிறது. அமெரிக்காவுக்கு அடுத்த இடம். ஆக, உலக மேடை கொடுக்கும் சலுகையைத் தன் சொந்த நாட்டு மேடை ஒரு பெண்ணுக்குக் கொடுக்க மறுக்கிறது. இதற்கு என்ன நியாயம் சொல்வீர்கள் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

நவரெத்தே வென்ற அதே இரவில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸின் வீனஸ் ராஜ் கடைசி ஐந்து பேரில் ஒருவராக நின்றார். வாழ்க்கையில் செய்த பெரிய தவறு ஒன்றைச் சொல்லி, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்றும் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அவர் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். இருபத்திரண்டு வயதுக்குள் 'மேஜர் மேஜர்' என்று சொல்லும்படி எந்தப் பிரச்சினையும் எனக்கு வந்ததில்லை என்பது அதன் சாரம். ஐந்தாவது இடம்தான் கிடைத்தது. அந்த 'மேஜர் மேஜர்' ஊரெங்கும் கேலிச்சொல்லாகப் பரவியது.

பிலிப்பினோ மொழியில் ஒரு சொல்லை இரட்டித்தால் அழுத்தம் கூடும். நாம் பெரிய பெரிய, சின்னச் சின்ன என்று அடுக்கிச் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அப்படித்தான். அவர் வாயில் வந்தது ஆங்கிலச் சொல், அதன் நடை அவர் தாய்மொழியின் நடை. அதே பதிலை அவர் தன் மொழியில் சொல்லியிருந்தால், பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் 'பெரிதாகச் சொல்லும்படி எதுவும் இல்லை' என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்திருப்பார். யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். தவறைச் சொல்லச் சொன்னால் தவறே இல்லை என்றது நல்ல பதில்தானா என்று வேண்டுமானால் நடுவர்கள் விவாதித்திருக்கலாம். அது நியாயமான விவாதம். கேலி பண்ணியவர்கள் அந்த விவாதத்துக்கே வரவில்லை.

ஆங்கிலம் தாய்மொழியாக இருந்தால் மட்டும் மேடையில் நாக்கு ஒழுங்காகப் புரளுமா? 2007ல் அமெரிக்காவின் பதின்வயது அழகிப் போட்டியில் தென் கரோலினாவைச் சேர்ந்த பெண்ணிடம், அமெரிக்கர்களில் ஐந்தில் ஒருவருக்கு உலக வரைபடத்தில் தன் நாட்டைக் காட்டத் தெரியவில்லையாமே, ஏன் என்று கேட்டார்கள். அந்தப் பெண் எதையோ தொட்டு எதையோ சொல்லித் தடுமாறினார். அந்தக் காணொளியை உலகமே பார்த்துச் சிரித்தது. சில நாள் கழித்துத் தொலைக்காட்சியில் அதே கேள்வியை மறுபடி கேட்டபோது தெளிவாகப் பதில் சொன்னார். தாய்மொழியில் கேட்ட கேள்விக்கே சபை நடுக்கம் இந்தப் பாடு படுத்துகிறது என்றால், அந்த நடுக்கத்தின் மேல் இன்னொரு மொழியையும் ஏற்றினால் என்ன ஆகும்? முப்பது விநாடியில் கேள்வியைப் புரிந்துகொண்டு, தன் மொழியில் யோசித்து, அதை மனதுக்குள் மொழிபெயர்த்து, உச்சரிப்பையும் கவனித்துக்கொண்டு, சிரித்த முகமாகப் பேச வேண்டும். இதில் மொழிபெயர்ப்பு என்பது எனக்குச் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்லும் வேலை. ஒரு மாநாட்டு மேடையில் அரை மணி நேரம் அதைச் செய்தாலே எனக்குத் தலை வலிக்கும்.

1994ல் மணிலாவில் சுஷ்மிதா சென் நின்ற மேடை பலருக்கும் நினைவிருக்கும். பெண்மையின் சாரம் என்ன என்பது கேள்வி. இந்தி வழியில் படித்த தனக்கு அந்த வயதில் ஆங்கிலம் அவ்வளவாக வராது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அவர் சமாளித்தார், வென்றார். அதைக் காட்டி, முயன்றால் எல்லோருக்கும் முடியும் என்கிறார்கள். எனக்கு அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் வேறொன்று தோன்றும். சாரம் என்பதற்கு மேடையில் வந்த 'எசென்ஸ்' என்ற அந்த ஒரு ஆங்கிலச் சொல் அன்றைக்கு அவருக்குப் பிடிபடாமல் போயிருந்தால் அதே சுஷ்மிதா தோற்றிருப்பார். ஒரு சொல்லின் அர்த்தம் தெரிவதிலும் தெரியாமல் போவதிலும் ஒரு பெண்ணின் தகுதியைத் தொங்கவிடுவது நடுவர்களுக்கே அவமானம்.

ஆங்கிலத்தோடு இந்த விஷயம் முடிந்துவிடவில்லை. நாட்டு மொழிகளுக்குள்ளேயே சிக்கல் உண்டு. இதில் என் கருத்தைச் சொல்வதற்கு முன் நானே நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. பெல்ஜியத்தில் டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன் என்று மூன்று ஆட்சிமொழிகள். 2007 டிசம்பரில் அந்த நாட்டின் அழகிப் போட்டி, டச்சு பேசும் ஆண்ட்வெர்ப் நகரத்தில் நடந்தது. வென்ற அலிசே புலிசெக் பிரெஞ்சு பேசுபவர். டச்சில் கேட்ட கேள்வி அவருக்குப் புரியவில்லை. அரங்கத்தில் ஊளைச் சத்தம் எழுந்தது. மறுநாள் செய்திகளில் மகுடத்தை விட அந்தச் சத்தம்தான் பெரிதாக வந்தது. அந்த வருடம் ஜூனில் தேர்தல் முடிந்திருந்தும், டச்சு, பிரெஞ்சு மொழிக் கட்சிகள் ஒத்துப்போக முடியாமல் ஆறு மாதமாகப் புது அரசு அமையாமல் கிடந்தது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அரசியல்வாதிகள் மீது இருந்த கோபம் இருபது வயதுப் பெண்ணின் தலையில் இறங்கியது. பிரெஞ்சு, செக், ஆங்கிலம் என்று மூன்று மொழி தெரிந்தவர் அன்று இரவு மொழி தெரியாதவர் ஆகிவிட்டார்.

அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் வருத்தத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. என் நாட்டின் பிரதிநிதி என்று ஒருவரை முன்னால் நிறுத்துகிறார்கள், நான் பேசுவது அவருக்குப் புரியவில்லை என்றால் எனக்கும் வலிக்கும். அந்த எதிர்பார்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாட்டின் இரண்டு பெரிய மொழியும் தெரிந்தவர்தான் வேண்டும் என்றால் அதை விண்ணப்பப் படிவத்தில் அச்சடியுங்கள். தெரியாதவர் அந்தப் பக்கமே வர மாட்டார், அல்லது படித்துக்கொண்டு வருவார். இல்லையா, மகுடம் சூட்டியபின் ஒரு வருடம் பதவிக் காலம் இருக்கிறது, அந்த வருடத்தில் இன்னொரு மொழியைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியரை வையுங்கள். நேரலையில், ஆயிரம் பேர் முன்னால், திடீரென்று சோதித்துப் பார்ப்பது மட்டும் வேண்டாம். அதில் மொழிக்கும் மரியாதை இல்லை, பெண்ணுக்கும் மரியாதை இல்லை.

மொழியை வைத்து நாட்டுப்பற்றை அளப்பவர்கள் எப்போதும் ஒரே அளவுகோலோடு நிற்பதில்லை என்பதையும் பார்க்கிறோம். 2024 ஜனவரியில் ஜப்பான் அழகியாகத் தேர்வான கரோலினா ஷீனோ உக்ரைனில் பிறந்தவர். ஐந்து வயதிலிருந்து ஜப்பானில் வளர்ந்து, குடியுரிமை பெற்றவர். ஜப்பானிய மொழியைச் சரளமாகப் பேசுகிறார். ஆனாலும் முகம் ஜப்பானிய முகமாக இல்லை என்று ஆட்சேபம் எழுந்தது.

ஒரு நாட்டின் பெரிய மொழியே சிலருக்கு இரண்டாவது மொழி என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். வியட்நாமின் ஹென் நியே, எதே என்ற சிறுபான்மை இனத்தைச் சேர்ந்தவர். வியட்நாமிய மொழியையே அவர் பிறகுதான் கற்றுக்கொண்டார். அவருக்கு ஆங்கிலம் மூன்றாவது வரிசையில் வருகிறது. 2018 டிசம்பரில் பாங்காக்கில் பிரபஞ்ச அழகிப் போட்டி நடந்தபோது, அமெரிக்கப் போட்டியாளர் அவருடைய ஆங்கிலத்தையும் கம்போடியப் போட்டியாளரின் ஆங்கிலத்தையும் கேலியாகப் பேசிய காணொளி வெளியானது. கண்டனம் கிளம்பியதும் அவர் மன்னிப்புக் கேட்டார். ஹென் நியே கடைசி ஐந்து பேருக்குள் வந்தார். அந்தக் கேலி ஒரு தனிப்பட்ட பெண்ணின் குணம் என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலம் பேசுபவர் உசத்தி என்று உங்கள் மேடைகள் பல வருடமாகச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் கேமரா முன்னால் ஒப்பித்தார்.

வாயால் பேசுவது மட்டும்தான் மொழியா என்றும் கேட்கிறேன். 1994 செப்டம்பரில் ஹெதர் வைட்ஸ்டோன் அமெரிக்க அழகியாகத் தேர்வானார். ஒன்றரை வயதிலேயே கேட்கும் திறனை இழந்தவர். தன் பெயரை அறிவித்தது அவர் காதில் விழவில்லை. பக்கத்தில் நின்ற போட்டியாளர் கையைக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. 2007ஆம் ஆண்டுக்கான பிரான்ஸ் அழகிப் போட்டியில் காது கேளாத சோஃபி வூசெலோ இரண்டாம் இடத்துக்கு வந்தார். 2023ல் தென்னாப்பிரிக்கா சைகை மொழியைத் தன் பன்னிரண்டாவது ஆட்சிமொழியாக ஏற்றுக்கொண்டது. மறு வருடம் அந்த நாட்டின் அழகியாக மியா லெ ரூ தேர்வானார். அந்தப் பட்டம் பெற்ற, காது கேளாத முதல் பெண் அவர். இவர்கள் எல்லோரும் வந்த பாதையில், கேட்டால் மறுக்காமல் ஒரு மொழிபெயர்ப்பாளரை நிறுத்துவதற்கு என்ன பெரிய செலவாகிவிடும்? ஒளி விளக்குக்கும் மேடைத் தோரணத்துக்கும் ஆகும் செலவின் முன்னால் என் ஒரு நாள் கூலி கண்ணுக்கே தெரியாது.

நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு, அதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்பவர் கேள்வியை இரண்டு முறை கேட்கிறார், யோசிக்கக் கூடுதல் நேரம் கிடைக்கிறது என்கிறார்கள். உண்மைதான். அதனால் எல்லோருக்குமே கேள்வியை இரண்டு முறை படியுங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாதவருக்கும் அதே சில விநாடிகள் கிடைக்கும். கடிகாரம் போட்டியாளர் பேசும்போது மட்டும் ஓடட்டும், நாங்கள் பேசும்போது நிற்கட்டும். போட்டியாளருடன் வந்த பயிற்சியாளரையோ உறவினரையோ மொழிபெயர்க்க விடாதீர்கள். அன்பு மிகுதியில் பதிலை அழகுபடுத்திவிடுவார்கள். அது மற்ற பெண்களுக்குச் செய்யும் துரோகம். தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை நீங்களே அமர்த்துங்கள். முந்தின நாளே அந்தப் பெண்ணோடு ஒரு மணி நேரம் பேச விடுங்கள். அவள் எந்த வேகத்தில் பேசுவாள், வாக்கியத்தை எங்கே முடிப்பாள் என்று எங்கள் காதுக்குப் பழக வேண்டும்.

அதே ஏற்பாடு, நடுவர்கள் போட்டியாளரைத் தனியாகப் பார்த்துப் பேசும் மூடிய அறை நேர்காணலுக்கும் வேண்டும். மேடையில் நடப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். பார்வையாளர் இல்லாத அறையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த பெண் சத்தமே இல்லாமல் பட்டியலிலிருந்து காணாமல் போவாள். அவளுக்காக ஊளையிடவும் ஆள் இல்லை, வாதாடவும் ஆள் இல்லை.

நடுவர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசும்போது நீங்கள் என்ன சொன்னாள் என்பதைக் கேட்கிறீர்களா, எப்படிச் சொன்னாள் என்பதையா? என் அனுபவத்தில், சரளமாகப் பேசுபவர் எதுவும் சொல்லாவிட்டாலும் அரங்கம் கைதட்டும். அந்தப் பேச்சை இன்னொரு மொழிக்கு மாற்ற உட்காரும்போதுதான் அதில் எடுத்துச் சொல்ல ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரியும். வெறும் சொற்களை மொழிபெயர்ப்பது மிகவும் கடினம். நல்ல பதில் எந்த மொழிக்கும் சிரமமில்லாமல் வந்துவிடும். நீச்சல் கற்றுக்கொண்ட பெண்ணின் பதிலை நான் எனக்குத் தெரிந்த நாலு மொழியில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நாலிலும் அது நிற்கிறது.

அடுத்த போட்டிக்கான விண்ணப்பப் படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தைச் சேருங்கள். மேடையில் எந்த மொழியில் பதில் சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேளுங்கள். பெயர், வயது, உயரம் என்ற வரிசையில் அதுவும் ஒன்றாக இருக்கட்டும். எல்லோரும் நிரப்பும் கட்டம் என்றால் யாரும் அதைக் குறையாக நினைக்க மாட்டார்கள்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் போகவில்லை. இப்போதும் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள். அன்றைக்கு அவளிடம் படித்த பதினொரு சிறுமிகளில் ஒருத்திக்கு இப்போது பத்தொன்பது வயது. இந்த வருடம் விண்ணப்பிக்கப் போகிறாளாம். போன வாரம் இருவரும் சேர்ந்து எனக்கு போன் செய்தார்கள். அறுபது பதில்களை இப்போதிருந்தே மனப்பாடம் செய்ய ஆரம்பிக்கலாமா என்று அந்தச் சின்னப் பெண் கேட்டாள். இந்த மாதக் கடைசியில் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் உங்கள் பதில் வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
அன்று ஒப்பனை அறை வாசலில் உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளர்